குற்றமும் காரணமும்

வீட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர் உடைகிறது. சத்தம் கேட்டதும் நம் வாயில் முதலில் வரும் கேள்வி, "யார் உடைத்தது?" என்பதுதான். "எப்படி உடைந்தது?" என்று கேட்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு கேள்விகளும் மேலுக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒன்று குற்றவாளியைத் தேடுகிறது. மற்றது காரணத்தைத் தேடுகிறது. இவற்றில் எதை முதலில் தேடுவது என்பதை நான் பெரிய விஷயமாக எண்ணியதே இல்லை, ஒரு நாள் கடலுக்குப் போய்த் திரும்பும் வரையில்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம் என்று ஒரு கடற்கரையூர். கரையோரம் பாறைகளும், உயரத்தில் ஒரு கலங்கரை விளக்கமும் உள்ள இடம். நாவல் ஒன்றுக்காக மீனவர் வாழ்க்கையை நேரில் பார்க்க விரும்பி, அங்கே சில நாட்கள் தங்கியிருந்தேன். படகுக்காரப் பெரியவர் ஒருவர் என்னையும் ஒரு நாள் அழைத்துப் போக இசைந்தார். துணைக்கு அவருடைய மகனும் தங்கை மகனும் வந்தார்கள். தங்கை மகனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். தகப்பனை இழந்தவன்; மாமன் வீட்டில் சாப்பிட்டுத் தொழில் பழகுகிறவன். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

படகின் பின்புறத்தில் வெளியே மாட்டுகிற மோட்டார் அது. பெட்ரோலில் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் என்ற நார்வேக்காரர் 1909-இல் இந்த வகை மோட்டாரை விற்கத் தொடங்கினார். ஏரியில் துடுப்புப் போட்டுப் போய்க் காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்தாராம். வந்து சேருவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த ஏமாற்றத்தில் பிறந்ததாம் மோட்டார். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அதை நம்பத்தான் ஆசை. நம் தென்கோடிக் கரைக்கு மோட்டார் பரவலாக வந்து சேர்ந்தது 1980-களில்.

துடுப்புக் காலத்தில் படகு தளர்ந்தால், யாருடைய கை சோர்ந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். காரணமும் குற்றவாளியும் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்த காலம் அது. மோட்டார் வந்ததும் இரண்டும் பிரிந்துவிட்டன. நம் மனம் மட்டும் இன்னும் துடுப்புக் காலத்திலேயே இருக்கிறது.

விடியற்காலையில் புறப்பட்டோம். கால் மணி நேரம் மோட்டார் நன்றாகத்தான் ஓடிற்று. பிறகு மெல்லத் தளர்ந்தது. கைப்பிடியைத் திருகினால் ஒரு கணம் உறுமும். மறுகணம் இருமி அடங்கும். கரைப் பாறைகள் வெகு தூரத்தில் இல்லை. அலை எங்களை அந்தப் பக்கமாகவே ஒதுக்கிக் கொண்டிருந்தது.

மகன் சொன்னான்: "நேத்து பிளக்கைக் கழத்தித் துடைச்சது இவன்தான்பா. ஒழுங்கா முறுக்கியிருக்க மாட்டான்."

"இல்ல மாமா, நல்லாத்தான் முறுக்கினேன்" என்றான் பையன்.

பெரியவர் இருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. "அதைக் கரையில பேசிக்கலாம்லே. பிளக்கு கெட்டிருந்தா கரையிலேயே இருமியிருக்கணும். இப்போ சத்தம் கூடுதா, கொறையுதா? அதைச் சொல்லு" என்றார்.

அந்தக் கேள்வியின் பொருளைப் பிற்பாடு கேட்டுத் தெரிந்து கொண்டேன். மோட்டாரின் சத்தம் ஏறிக்கொண்டே போக, படகு மட்டும் பின்தங்கினால், குறை தண்ணீருக்குள் இருக்கிறது. விசிறியின் நடுவில் உள்ள ரப்பர் பிடிப்பு விட்டு வழுக்குகிறது என்று அர்த்தம். சத்தமும் வேகமும் சேர்ந்து குறைந்தால், பெரும்பாலும் எண்ணெய் சரியாக வரவில்லை, அல்லது தீப்பொறி சரியில்லை. எங்களுக்கு இரண்டும் சேர்ந்தே குறைந்தன.

அடுத்தபடி, மோட்டாரைக் குளிர வைத்துவிட்டு வெளியே பீய்ச்சும் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார். தாரை தடையின்றி விழுந்தது. ஆகவே சூட்டினால் வந்த கோளாறு அல்ல. மோட்டாரை நிறுத்தித் தூக்கிப் பார்த்தார். விசிறியில் வலைத் துண்டோ பாசியோ சுற்றியிருக்கவில்லை. இதற்குள் மகன் துடுப்பை எடுத்துப் படகைப் பாறைப் பக்கம் போகாமல் தள்ளிக் கொண்டிருந்தான். பெரியவர் அவசரப்படவில்லை. எண்ணெய் வரும் குழாயின் நடுவே ஒரு ரப்பர் உருண்டை இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்தார். சப்பிப்போய்க் கிடந்தது. நேரே டாங்கியின் மூடிக்குப் போனது அவர் கை. அதன் தலையில் உள்ள சிறு திருகைத் தளர்த்தினார். "உஸ்" என்று டாங்கி காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. நெடுநேரம் மூச்சடக்கியிருந்தவன் பெருமூச்சு விட்டாற்போல் இருந்தது அது.

விஷயம் இவ்வளவுதான். டாங்கியிலிருந்து எண்ணெய் வெளியேற வேண்டுமானால் அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வழியை அடைத்துவிட்டால், உள்ளே எவ்வளவு எண்ணெய் இருந்தும் பயனில்லை. மோட்டார் இழுத்து இழுத்துக் களைத்துப் போகும். கொடுக்கிறவர்களுக்கும் மூச்சு விட இடம் வேண்டியிருக்கிறது.

ரப்பர் உருண்டையை நாலு முறை அமுக்கிவிட்டுக் கயிற்றை இழுத்தார். மோட்டார் பழைய குரலில் பாடத் தொடங்கிற்று.

"திருகை மூடினது யாரு?" என்று மகன் பையனைப் பார்த்துக் கேட்டான்.

பையன் தலையைக் குனிந்து கொண்டு, "மறந்து மூடியிருப்பேனோ என்னவோ" என்றான்.

வாசகர்களே, அதை மூடியவன் நான். படகில் ஏறி உட்கார்ந்ததும் மண்ணெண்ணெய் வாடை என் வயிற்றைக் கலக்கிற்று. திருகு தளர்ந்திருப்பது கண்ணில் பட்டது. சொட்டுகிற குழாயைக் கண்டால் இறுக்கி மூடுகிற வீட்டுப் பழக்கம் எனக்கு. ஓர் ஒழுங்கீனத்தைச் சரிசெய்துவிட்ட திருப்தியோடு அதை இறுக்கி மூடினேன். பையன் தலை குனிந்தபோது அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நான் பேசவில்லை.

பேசாமலிருக்கக் காரணங்களா கிடைக்காது? நான் விருந்தாளி, சொன்னால் அவர்களுக்கல்லவா சங்கடம்! மோட்டார்தான் ஓடுகிறதே! பெரியவரே, "யாரா இருந்தா என்ன? தொறந்தாச்சு, போவோம்" என்று சொல்லிவிட்டாரே! கோழைத்தனத்துக்கு நாகரிகம் எத்தனை சட்டைகளை வைத்திருக்கிறது!

பெரியவர் செய்தது உயர்ந்த காரியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மருந்து என்ற அதிகாரத்தில் வள்ளுவரும் மருத்துவனை இந்த வழியில்தான் நடத்துகிறார். நோயைத் தெரிந்துகொள், அது வந்த காரணத்தைத் தெரிந்துகொள், தீர்க்கும் வழியைத் தெரிந்துகொண்டு பொருந்தச் செய் என்பது அவர் வாக்கு. யாரால் வந்தது என்று விசாரிக்கும்படி அங்கே சொல்லவில்லை. பாறை நெருங்கும்போது பழி சுமத்திக் கொண்டிருப்பவன் படகோடு போவான்.

ஆனால் கடலில் போதுமான நீதி கரைக்குப் போதுமா? படகு பிழைத்துவிட்டது, பையனோ? மாமன் வீட்டுச் சோற்றில் வளர்கிறவன் மேல் "கவனமில்லாதவன்" என்று ஒரு சின்னக் கறை விழுந்துவிட்டது. நாளைக்கு வலை கிழிந்தாலும் நங்கூரக் கயிறு அறுந்தாலும் அந்தக் கறைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். பிறகு அவனே அதை நம்பத் தொடங்குவான். செய்யாததை "மறந்து செய்திருப்பேன்" என்று அன்றைக்கே ஒப்புக்கொண்டவன்தானே அவன்?

ஆகவே "யார்?" என்ற கேள்வியும் வேண்டியதுதான். ஒருவனைத் தண்டிப்பதற்காக இல்லாவிட்டாலும், மற்றொருவனை விடுவிப்பதற்காக அது வேண்டும். காரணத்தைக் கண்ட பிறகு கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு, பதிலை அறிந்தவனுடையது. அன்று அந்தப் படகில் அதை அறிந்தவன் ஒருவன்தான்.

நான் சொன்னேன். ஆனால் கடலில் சொல்லவில்லை. வலை போட்டு, வாங்கி, திரும்பி வந்து, படகை மணலில் ஏற்றிய பிறகு சொன்னேன். பெரியவர் சிரித்துவிட்டு, "புதுசா வாறவங்க செய்யிறதுதான் சார்" என்றார். மகன் ஒன்றும் பேசாமல் வலையை உதறினான். பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது என்று எழுதினால் கதைக்கு நல்ல முடிவாக இருக்கும். நான் கண்டது வேறு. "இவ்வளவு நேரம் ஏன்?" என்றுதான் அவன் கண்கள் கேட்டன.

இப்போதும் என் வீட்டில் தம்ளர்கள் உடைகின்றன. "யார்?" என்று பிறரைக் கேட்பதைச் சற்று ஒத்திப்போடப் பழகி வருகிறேன். அதே கேள்வியை என்னை நோக்கிக் கேட்பதில் மட்டும் தாமதம் கூடாது என்று நினைக்கிறேன். நினைப்பது சுலபமாக இருக்கிறது.