கண்ணுக்குத் தெரியாத துருவன்



நான் பொறியியல் படிக்கும் மாணவன். சமயச் சொற்பொழிவு செய்யும் அளவுக்கு நூல்களைக் கற்றவன் இல்லை. செபராங் ஜெயாவில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு வானத்தைப் படம் எடுப்பவன். அங்கே நான் கற்ற ஒன்றைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் என் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். 48 நாள் விரதம் இருந்து, தினமும் விளக்கேற்றி வேண்டினேன். அப்பா போய்விட்டார். அதோடு நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அம்மா மட்டும் விளக்கை விடவில்லை. ஒருநாள் கோபத்தில் கேட்டேன்: "இவ்வளவு கும்பிட்டு என்னம்மா கிடைச்சது? அங்க யாரும் இல்லம்மா."

அம்மா திட்டவில்லை. "கிடைக்கணும்னா ஏத்துறேன்? அவன் முகத்தப் பாத்துக்கிட்டே இருக்கணும் தம்பி, அதுக்குத்தான்" என்றார். எனக்குப் புரியவில்லை.

போன மார்கழி பிறந்த சமயம், அப்பா வாங்கிக் கொடுத்த பழைய கேமராவை எடுத்தேன். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தைப் படம் பிடிக்க ஆசை. நம்மிடமிருந்து அது சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இன்று நம் கேமராவில் விழும் அதன் ஒளி, மனித இனமே தோன்றாத காலத்தில் புறப்பட்டது. மார்கழித் தொடக்கத்தில் இரவு எட்டரை மணி வாக்கில், வடக்கு வானத்தில் அது நல்ல உயரத்தில் இருக்கும்.

முதல் சிக்கல், பூமி சுற்றுகிறது. கேமராவும் கூடவே திரும்பாவிட்டால் நட்சத்திரங்கள் கோடு கோடாக விழும். அதற்கு ஒரு மோட்டார் கருவி உண்டு. அதன் அச்சு வான துருவத்தை நோக்கி இருக்க வேண்டும். வடநாடுகளில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து எளிதாகத் திருப்பிவிடுவார்கள். பினாங்கில் அது அடிவானத்துக்கு மேல் வெறும் 5 பாகைதான். கையை நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால், அவ்வளவு உயரம். கட்டடமும் புகைமூட்டமும் தெரு விளக்கும் அதை மறைத்துவிடும். ஒருநாள்கூட அதை நான் பார்த்ததில்லை.

அப்புறம் எப்படி? வேறொரு நட்சத்திரத்தைக் குறியின் நடுவில் வைத்துச் சில நிமிடம் காத்திருப்பேன். அது விலகினால் என் அச்சு சரியில்லை என்று அர்த்தம். திருகைக் கொஞ்சம் திருப்பிவிட்டு, மறுபடியும் பார்ப்பேன். இப்படியே ஒரு மணி நேரம் போகும். நான் எவ்வளவு விலகியிருக்கிறேன் என்பதை வைத்தே, கண்ணுக்குத் தெரியாத துருவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

துருவன் கதை உங்களுக்குத் தெரியும். அப்பாவின் மடியில் இடம் கிடைக்காத ஐந்து வயதுப் பிள்ளை. அழுதுகொண்டே காட்டுக்குப் போனான். நாரதர் சொல்லிக் கொடுத்த மந்திரத்தை விடாமல் சொன்னான். அவனுக்கும் முதல் நாளே தரிசனம் கிடைக்கவில்லை. அப்பாவை இழந்த எனக்கு, அந்தக் கார் நிறுத்துமிடத்தில் அவன் ஞாபகம்தான் வந்தது.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. 30 விநாடி திறந்து வைத்து எடுத்த முதல் படத்தில், ஆரஞ்சு நிற வானமும் நடுவில் பஞ்சுத் துணுக்கு போல ஒரு மங்கலும்தான் இருந்தன. அது நம் நகரத்து விளக்குகளின் வெளிச்சம். மனம் விட்டுப் போச்சு. ஆனாலும் நிலா இல்லாத நான்கு இரவுகளில், இரவுக்கு 100 படம் என்று 400 படம் எடுத்தேன். கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தேன். விண்மீன் மண்டலத்தின் ஒளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழுகிறது. இரைச்சல் புள்ளிகளோ ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் விழுகின்றன. சேர்க்கச் சேர்க்க ஒளி கூடும்; இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். 400 படம் சேர்ந்தால் தெளிவு 20 மடங்கு.

திரையில் அந்த நீள்வட்டத் தட்டு மெல்ல எழுந்து வந்தது. ஓரத்தில் கருந்தூசிப் பட்டைகூடத் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

இது கடவுளுக்கு ஆதாரம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பா ஏன் போனார் என்பதற்கும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று உறைத்தது. ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு "அங்க ஒண்ணும் இல்ல" என்று சொன்னவன் நான். அம்மா ஒவ்வொரு நாளாகச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி தங்கைகளே, இன்று கும்பிட்டு இன்றே ஒன்றும் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். மனதில் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். தினம் பத்து நிமிடம், அதே இடத்தில், அதே நாமத்தைச் சொல்லுங்கள். விலகினால் திருகைக் கொஞ்சம் திருப்புங்கள். மறுபடியும் உட்காருங்கள்.

இப்போது எங்கள் வீட்டு விளக்கை நான்தான் ஏற்றுகிறேன். அம்மா பக்கத்தில் நிற்கிறார்.

இறைவன் அருள் எல்லோருக்கும் துணை நிற்கட்டும். வணக்கம்.