கூண்டில் ஒலிக்கும் பாட்டு

மேலைநாட்டுக் கவிஞர் போற்றும் நைட்டிங்கேல் நம் மண்ணுக்குரிய பறவை அன்று. எனினும் இனிமையில் அதற்குக் குறையாத குண்டுக்கரிச்சான் நம் செஞ்சித் தோப்புகளில் வாழ்கிறது. கருமையும் வெண்மையும் கலந்த சிறு பறவை. வாலை உயர்த்தி மரவுச்சியில் அமர்ந்து வைகறையில் பாடும். அக்குரலே அதற்குப் பகையாயிற்று. ஒருகாலத்தில் இதனைப் பாட்டுக்காகக் கூண்டில் அடைத்து வளர்த்தனர். சிங்கப்பூரில் எங்கும் காணப்பட்ட இவ்வினம் 1970-களில் மிக அருகிப் போனதற்கு, கூண்டுக்காகப் பிடித்ததும் ஒரு காரணம்.

“வேளைதோறும் இரை உண்டு, பருந்தின் அச்சம் இல்லை, மகிழ்ந்துதானே பாடுகிறது?” என்பர் சிலர். ஆண் பறவை பாடுவது தன் எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவுமே. கூண்டில் எல்லையும் இல்லை, துணையும் வாராது. மறுமொழி பெறாத அவ்வழைப்பையே நாம் இசை என்று சுவைக்கிறோம்.

உமாசுவாதி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தில், கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து குற்றங்களைக் கூறுகிறார். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், ஊணும் நீரும் மறுத்தல் என்பன அவை. கட்டி வைத்தலே முதலாவது. ஊண் மறுத்தல் தனிக் குற்றமாக எண்ணப்பட்டமையால், ஊண் அளிப்பது கட்டி வைத்த குற்றத்தைத் துடைக்காது என்பது தெளிவு.

இனி, நம்மிடையே உள்ள ஒரு வழக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருநாள்களில் கிளியையும் சில்லையையும் விலைக்கு வாங்கிப் பறக்க விடுவோர் உளர். நோக்கம் அருளே. ஆயினும் அந்தப் பணமே மறுநாள் வலையாக விரிகிறது. செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூவழியாலும் வினை சேரும் என்று கற்ற நாம், விலை கொடுத்தலைச் செய்வித்தல் அன்று என்போமா?

“கண்முன் தவிக்கும் உயிரைக் கைவிட்டுச் செல்வதா?” என்று மாணாக்கர் நம்மிடம் வினவியதுண்டு. நேரிய வினாவே. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் பிறந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் நம் நாட்டுப் பறவைகளை விற்பது குற்றம். வனத்துறைக்கு அறிவித்தால், வேடனுக்குக் காசு சேராமலே பறவை விடுதலை பெறும். அருட்கொடைக்கும் தக்க இடம் உண்டு. தில்லிச் செங்கோட்டைக்கு எதிரிலுள்ள திகம்பர ஜினாலயத்தின் பறவை மருத்துவமனை காயமுற்ற பறவைகளைப் பேணி, நலமுற்றபின் வானில் விடுகிறது.

நம் ஊர்த் திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்தார் சந்திரநந்தி ஆசிரியர். அக்கல்வெட்டைப் போற்றும் நாம், செவிச்சுவை ஒன்றையேனும் துறத்தல் அரிதோ? வைகறையில் வாயிலைத் திறந்து வையுங்கள். தானாய் வந்து பாடுவதைக் கேட்போம். அதில் குற்றமில்லை.