அறிந்தவர் கடன்

அறிவு நன்மை தருவது என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒன்றை அறிந்துகொண்டவரது கடமை அறிந்த அளவிலே முடிந்துவிடுகின்றதா, அன்றி அவ்வறிவு பிறர் உயிரைக் காக்கும் வரையில் தொடர்கின்றதா என்னும் வினா எளிதில் விடை கூறத்தக்கதன்று. எரிமலைகளை ஆராயும் அறிவியலார் 1985 முதல் 1991 வரை கண்ட நிகழ்ச்சிகள் இவ்வினாவை நம்முன் தெளிவாக நிறுத்துகின்றன.

தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டில், நெவாடோ டெல் ரூயிஸ் என்னும் பனி மூடிய எரிமலை உள்ளது. 1984-ஆம் ஆண்டின் இறுதியில் அது விழித்தெழும் அறிகுறிகள் தோன்றின. அறிஞர்கள் ஆராய்ந்து, சேற்றுப் பெருக்கு எவ்வெவ்விடங்களிற் பாயக்கூடும் என்பதைக் காட்டும் வரைபடத்தை 1985 அக்டோபரில் வெளியிட்டனர். ஆர்மெரோ என்னும் நகரம் அதில் ஆபத்துப் பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தது. நவம்பர் 13-ஆம் நாள் பிற்பகல் அந்நகரின்மீது சாம்பல் விழுந்தது. அப்போதும் அமைதியாக இருக்குமாறே மக்களுக்குச் சொல்லப்பட்டது. இரவு ஒன்பது மணியளவில் மலை வெடித்தது. உச்சிப் பனி உருகி, மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு ஆற்றின் வழியே இறங்கிற்று. அது ஆர்மெரோவை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அருகிலிருந்த மேட்டு நிலத்திற்குச் சென்றிருப்பின் மக்கள் பிழைத்திருப்பர். ஆனால், சுமார் 23,000 பேர் மாண்டனர்.

இங்கே அறிவு குறைவுபடவில்லை, காலமும் குறைவுபடவில்லை. மக்களை வெளியேற்றிய பின் மலை வெடிக்காமற்போனால் நேரும் செலவிற்கும் பழிக்கும் பொறுப்பிலிருந்தோர் அஞ்சினர். தாளிலிருந்த அறிவு மாந்தர் நெஞ்சில் இறங்காமலே போயிற்று.

இத்துயரம் அறிஞர் உலகை உலுக்கியது. பிரெஞ்சு நாட்டு எரிமலை ஆய்வாளர்களான மோரிஸ் கிராஃப்ட், காத்தியா கிராஃப்ட் என்னும் தம்பதியர், எரிமலையின் கொடுமைகளைப் படிப்பறியாதாரும் கண்டு உணருமாறு ஒரு படம் எடுக்க முனைந்தனர். அதற்கு வேண்டிய காட்சிகள் பல, அவர்கள் உலகெங்கும் எரிமலைகளின் அருகே சென்று உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்தவை. 1991 ஜூன் 3-ஆம் நாள் ஜப்பானின் உன்சென் எரிமலையில், கொதிக்கும் சாம்பலும் வளியும் கலந்த பெருக்கிற் சிக்கி அவ்விருவரும் மாண்டனர். அவர்களோடு அமெரிக்க அறிஞர் ஹாரி கிளிக்கன் உட்பட மொத்தம் 43 பேர் உயிரிழந்தனர்.

பிறரைக் காக்கும் நோக்கத்துடன் ஒருவர் தம் உயிரைப் பணயம் வைப்பதை நாம் ஈகை என்றே போற்றலாம். ஆனால் அந்த 43 பேருள் செய்தியாளர்களும், அவர்களை ஏற்றிச்சென்ற வாடகை ஊர்தி ஓட்டுநர்களும், காவலர்களும், உள்ளூர்த் தீயணைப்புத் தொண்டர்களும் இருந்தனர். ஒருவர் அபாயத்தினுள் அடியெடுத்து வைத்தால், அவரைக் காக்கும் கடமையுடையோரும் பிழைப்பிற்காக அவருடன் செல்வோரும் பின்தொடர நேரிடுகின்றது. தம் உயிரைத் தரத் துணிந்தவர்க்கும் பிறர் உயிரைத் தரும் உரிமை இல்லை. ஆராய்ச்சியின் ஆர்வம் எத்துணை உயர்ந்ததாயினும், இவ்வெல்லையை அது மறத்தலாகாது.

அவர்கள் மறைந்த அதே மாதத்தில் அப்படம் பயன் தந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டில் சுமார் 500 ஆண்டுகள் உறங்கிக் கிடந்த பினாட்டுபோ மலை 1991 ஏப்ரல் 2-ஆம் நாள் நீராவியைக் கக்கத் தொடங்கியது. பிலிப்பைன்ஸ் அறிஞர்களும் அமெரிக்க அறிஞர்களும் நில அதிர்வுகளை அளந்தனர். மலையிலிருந்து வெளிவரும் கந்தக டை ஆக்சைடு வளியையும் அளந்தனர். மே 13 அன்று நாளொன்றுக்கு 500 டன் அளவிலிருந்த அது, மே 28-இல் 5,000 டன்னைக் கடந்தது. ஜூன் தொடக்கத்தில் திடீரெனக் குறைந்தது. அக்குறைவை அமைதியெனக் கொள்ளாது, வளி வெளியேறும் வழி அடைபட்டிருக்கலாம் என்று அஞ்சியதே அவர்தம் நுண்ணறிவு.

இங்கும் வெடிப்பு எந்நாளில் நிகழும் என்று உறுதியாகக் கூற இயலவில்லை. அதனால் அவர்கள் வாய் மூடியிருக்கவில்லை. ஐந்து படிகள் கொண்ட எச்சரிக்கை முறையை வகுத்து, தாம் அறிந்ததையும் தம் ஐயத்தையும் ஒருங்கே அறிவித்தனர். கிராஃப்ட் தம்பதியரின் முற்றுப்பெறாத படத்தை அதிகாரிகளுக்கும் ஊராருக்கும் போட்டுக் காட்டினர். எண்களை நம்பாதோரும் கண்ணாற் கண்டதை நம்பினர். ஜூன் 15-ஆம் நாள் நிகழ்ந்த பெருவெடிப்பு இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பெரும் வெடிப்பாகும். ஆயினும் குறைந்தது 5,000 உயிர்களேனும் காக்கப்பட்டன என மதிப்பிடப்பட்டுள்ளது.

உறுதி பெற்ற பின்பே உரைப்பேன் என்று காத்திருப்பவர் தம் பெயரைக் காக்கின்றாரேயன்றி ஊரைக் காக்கின்றாரல்லர். அதே வேளையில், ஐயத்தை மறைத்து உறுதிபோல் உரைப்பதும் பொய்ம்மையின்பாற் படும். அறிந்ததை அறிந்த அளவில், உரிய காலத்தில், கேட்போர்க்கு விளங்கும் மொழியில் கூறுவதே வாய்மையாகும்.

இத்துடன் கடன் தீர்ந்ததா எனின், இல்லை. அன்றே வந்த புயல் மழையில் நனைந்த சாம்பலின் சுமை தாங்காது கூரைகள் இடிந்து பலர் மாண்டனர். மலையிலிருந்து தப்பி முகாம்களிற் தங்கிய அய்ட்டா பழங்குடியினருள், குறிப்பாகக் குழந்தைகள் பலர், தட்டம்மை முதலிய நோய்களால் இறந்தனர். எரிமலையிலிருந்து காத்தவர்களை நோயிலிருந்து காக்க இயலவில்லை. "வெளியேறுங்கள்" என்று சொல்லும் நா, "எங்கே தங்குவர், எதை உண்பர்" என்பதையும் எண்ணவேண்டும்.

எனவே, அறிதல், அறிவித்தல், ஆதரித்தல் என்னும் மூன்றும் ஒரே கடமையின் படிகள் என்று நாம் கொள்ளலாம். இவை எரிமலை அறிஞர்க்கு மட்டும் உரியன அல்ல. மருத்துவம் கற்றவர், சட்டம் அறிந்தவர், ஊரின் நீர்நிலை கெடுவதைக் கண்டவர் என, பிறர் அறியாத தீங்கை முன்னறிந்தோர் அனைவர்க்கும் இக்கடன் உண்டு. நாம் அறிந்தும் உரைக்காது விட்டவை எவை, உரைத்தும் துணைநில்லாது விட்டவை எவை என்று அன்பர்கள் தத்தம் நெஞ்சை வினவுவார்களாக.