ஒரு தகரப் படகின் ரசிகர்கள்

நாம் நேசித்த ஒரு பொருளை, முன்பின் தெரியாத ஒருவரும் நேசித்திருக்கிறார் என்று திடீரெனத் தெரியவரும்போது உண்டாகும் சந்தோஷம் கலப்பற்றது அல்ல. அதன் அடியில் லேசான பொறாமை ஒன்று படிந்திருக்கிறது. நாவல், ராகம், சினிமா இவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. பலருக்கும் உரியவை என்று தெரிந்துதான் அவற்றிடம் போகிறோம். விளையாட்டுச் சாமான் விஷயம் வேறு. குழந்தையின் கைக்கு வந்துசேரும் கணத்தில் அதற்கு முன்வரலாறு கிடையாது. உலகத்தில் அது ஒன்றே ஒன்று. ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வெட்டி எடுத்த தகரம் என்பது பின்னால் வரும் அறிவு. அந்த அறிவு வந்த பிறகும் அந்தரங்கத்தின் ஏதோ ஒரு மூலையில் அது ஒன்றே ஒன்றாகத்தான் இருந்துகொண்டிருக்கிறது.

நான் சொல்லும் சாமான் தகர நீராவிப் படகு. திருவிழாக் கடைகளில், தண்ணீர் நிரப்பிய பேசினில் டப்டப்டப் என்று சுற்றிக்கொண்டிருக்குமே, அது. நீளம் ஒரு ஜாண் இருந்தால் அதிகம். உள்ளே ஒரு சிறு தகரப் பெட்டி, அதுதான் பாய்லர். அதிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் பின்புறமாகத் தண்ணீருக்குள் இறங்கும். பாய்லருக்குக் கீழே எண்ணெய்த் திரியோ மெழுகுவர்த்தித் துண்டோ. குழாயில் தண்ணீர் நிரப்பித் திரியை ஏற்றினால் சற்று நேரம் ஒன்றும் நடக்காது. அந்தச் சற்று நேரம்தான் முக்கியம். பிறகு பாய்லரின் மேல்தகடு உப்பி அமுங்கி ஒலியெழுப்ப, படகு நகரும். புதிய சரக்கு அல்ல இது. 1891லேயே தோமா பியோ என்பவர் பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை கோரியிருக்கிறார். அந்த மேல்தகட்டைத் தவிர அசையும் பாகம் என்று ஒன்றும் கிடையாது. ஆவி தண்ணீரைக் குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. ஆவி குளிர்ந்து ஒடுங்கியதும் அதே குழாய் வழியே தண்ணீர் திரும்ப உள்ளே வருகிறது. தள்ளியதும் இழுத்ததும் ஒரே அளவு என்றால் படகு நின்ற இடத்திலேயே அல்லவா ஆடிக்கொண்டிருக்க வேண்டும்? வெளியேறும் தண்ணீர் ஒரே திசையில் தாரையாகப் பீய்ச்சுகிறது. உள்ளே வரும் தண்ணீரோ குழாய் வாயைச் சுற்றி எல்லாப் பக்கத்திலிருந்தும் கூடிவருகிறது. இந்த வித்தியாசத்தில்தான் படகு முன்னே போகிறது. ஞாபகத்துக்கு இது நல்ல உவமை என்று யாருக்கும் தோன்றும். உவமையாக்காமல் விட்டுவிடலாம். படகு படகாக இருக்கட்டும்.

ஹயாவோ மியாசாகியின் 'போன்யோ' (2008) படத்தில் ஒரு பையனின் இந்த மாதிரிப் படகு, மந்திரத்தால் இரண்டு குழந்தைகள் ஏறிப்போகும் அளவுக்குப் பெரிதாகி, வெள்ளத்தில் மூழ்கிய ஊரின்மேல் மெழுகுவர்த்திச் சூட்டில் ஓடுகிறது. பார்த்தபோது, ஜப்பானில் ஒருவர் எங்கள் வீட்டுத் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டார் என்றுதான் முதலில் பட்டது. சந்தோஷம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

ரசிகர் என்ற வார்த்தை தமிழில் மன்றத்துக்கும் கொடிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. காவிய மரபில் சஹ்ருதயர் என்று ஒரு சொல் உண்டு. ஒத்த இதயம் உடையவர். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிக் காஷ்மீரத்தில் எழுதிய அபிநவகுப்தர், கவிதையில் தோய்ந்து தோய்ந்து கண்ணாடிபோலத் துலங்கிய மனம் என்று இதை விளக்குகிறார். நாடக அரங்கில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரின் அனுபவமும் ஒன்றாகத் திரள்கிறது என்றும், என்னுடையது, பிறருடையது என்ற எல்லை அங்கே கழன்றுவிடுவதால்தான் ரஸம் சாத்தியமாகிறது என்றும் அவர் கொள்கை. எல்லாம் சரி. ஆனால் விளையாட்டுச் சாமானிடம் கொண்ட பிரியம் 'என்னுடையது' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. அதைக் கழற்றிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? இதை நான் வெறும் தத்துவ விசாரமாகத்தான் வெகுநாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், வைகைக் கரையை ஒட்டிய தெரு ஒன்றில் ஒருவர் பேசினில் இரண்டு படகுகளை ஓடவிட்டு விற்றுக்கொண்டிருந்தார். நின்றேன். பக்கத்தில் ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஓடாமல் நின்ற படகைக் காட்டி, "குழாய்ல காத்து நிக்குது சார். வாய்ல தண்ணி வச்சு ஊதணும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் நிறையத் தண்ணீரோடு ஒரு குழாயில் உதட்டைப் பதித்து ஊத வேண்டும், மற்றக் குழாயில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை. நாக்கில் தகரத்தின் ருசி நெடுநேரம் நிற்கும். அந்த ருசி அவருக்கும் தெரிந்திருந்தது. ஐந்து நிமிஷத்தில் நாங்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டோம்.

சுவரோரம் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர், அறுபது வயது இருக்கும், குறுக்கே சொன்னார்: "வாய் எதுக்குங்கய்யா? இங்க் பில்லர்ல நாலு சொட்டு விட்டாப் போதும்ல."

"உங்க வீட்லயும் இருந்துச்சாம்மா?" என்றார் ரயில்வேக்காரர்.

"எங்க வீட்ல ஏதுங்கய்யா. எங்கம்மா வேலை பார்த்த வாத்தியார் வீட்ல இருந்துச்சு. அந்தத் தம்பிக்குத் தண்ணி ரொப்ப வராது. நாந்தான் ரொப்பிக் குடுப்பேன். நான் வாய் வைக்கக் கூடாதுல்ல, அதான் இங்க் பில்லரு."

குரலில் குறை ஒன்றும் இல்லை. ஒரு தொழில்நுட்பத்தைச் சொல்லும் தொனி. பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "அந்தா, அது இப்ப நின்னுரும் பாருங்க" என்றார். ஓடிக்கொண்டிருந்த படகு இன்னும் ஏழெட்டு முறை அடித்துவிட்டு நின்றது. எனக்கும் ரயில்வேக்காரருக்கும் அந்தச் சத்தத்தில் ஒரு மாறுதலும் தெரியவில்லை. அவர் பேச்சை விலைக்குத் திருப்பினார்.

போதலேர் 1853இல் விளையாட்டுச் சாமான்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், கம்பிக் கதவுக்கு உள்ளே ஒரு பணக்காரக் குழந்தையும் வெளியே ஒரு ஏழைக் குழந்தையும் வருகிறார்கள். வெளியே இருப்பவனின் விளையாட்டுச் சாமான் உயிருள்ள ஒரு எலி. உள்ளே இருப்பவன் தன்னுடைய ஜோடனைப் பொம்மையைப் புல்லில் போட்டுவிட்டு எலியையே பார்க்கிறான். இரண்டு பேரும் சிரித்துக்கொள்கிறார்கள். கம்பியை போதலேர் மறைக்கவில்லை என்பது அவர் பெருமை. ஆனால் அங்கே எலி யாருடையது என்பதில் குழப்பம் இல்லை. பூக்கார அம்மாளுக்கு எலியும் கிடையாது. ரொலான் பார்த் 1957இல், இன்றைய விளையாட்டுச் சாமான்கள் குழந்தையைச் சிருஷ்டிப்பவனாக அல்லாமல் உரிமையாளனாக மட்டுமே பழக்குகின்றன என்று குறைப்பட்டார். வாத்தியார் வீட்டில் இந்த இரண்டு வேலையும் இரண்டு குழந்தைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒருவனுக்குப் படகு. இன்னொருத்திக்கு அதை ஓடவைக்கும் வித்தை, உதடு படாமல்.

அபிநவகுப்தரின் அளவுகோலில் பார்த்தால் எங்கள் மூவரில் அவர்தான் சஹ்ருதயர். 'என்னுடையது' என்ற களிம்பு அவர் கண்ணாடியில் ஏறவே இல்லை. காதுதான் எவ்வளவு கூர்மை! இப்படிச் சொல்லி முடித்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாதம் யாருக்குச் சௌகரியமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உடைமையைக் கழற்றிவிடுவது, உடைமை இருந்தவன் செய்யக்கூடிய காரியம். கைக்கே வராததைத் துறப்பு என்று கொண்டாடுவது, வாய் வைக்கக் கூடாது என்றவர்களுக்கு நாம் செய்யும் தாமதமான உபகாரம். மேல்தளத்தில் அழகியல், அடித்தளத்தில் பழைய ஏற்பாடு அப்படியே.

அதற்காக அவருடைய பிரியத்தை வெறும் அநீதியின் சாட்சியமாகச் சுருக்கவும் எனக்குச் சம்மதமில்லை. நம் முற்போக்கு விமர்சகர்கள் உடனே அதைத்தான் செய்வார்கள். அவர் அந்தப் படகை நேசித்திருக்கிறார். நாங்கள் நேசித்ததைவிடக் கவனமாக. சத்தம் தேய்வது கேட்கும் காது பரிதாபத்தில் உண்டாவதில்லை. இந்த இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று ரத்து செய்யவில்லை, சமாதானமும் செய்துகொள்ளவில்லை. ரயில்வேக்காரரையும் என்னையும் சேர்த்து வைத்தது ஒரு ருசி, தகரத்தின் ருசி. அது எச்சில்பட்டதனால் வந்தது. எங்கள் தோழமையின் ஆதாரமே அவருக்கு விலக்கப்பட்டிருந்த ஒன்று என்னும்போது, 'நாம் மூவரும்' என்ற சொல்லை நான் எங்கே நின்று சொல்வது?

அந்த வாத்தியார் வீட்டுப் பையனும் இன்று எங்கோ இருப்பார், அறுபதைத் தொட்டுக்கொண்டு. ஏதாவது ஒரு ஊர்த் திருவிழாவில் பேசினைப் பார்த்ததும் அவரும் நிற்பார். பக்கத்தில் நிற்பவரிடம் பேச்சுக் கொடுப்பார். நானாகவே இருந்தால் ஐந்து நிமிஷத்தில் கூடப்பிறந்தவர்கள் ஆகிவிடுவோம். அவர் ஞாபகத்தில் படகு இருக்கும், எண்ணெய் வாசனை இருக்கும், டப்டப் இருக்கும். இங்க் பில்லர் இருக்குமா, அதைப் பிடித்திருந்த கை இருக்குமா என்று அவரிடம் கேட்க வேண்டும்.