மூன்று நிமிடச் சுருள் போதும்!

கையில் இருப்பது கொஞ்சம்தானே என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயா? உன்னிடம் பேசத்தான் வந்தேன். நல்ல கருவி வரட்டும், பணம் சேரட்டும், பெரிய மனிதர் யாராவது முதுகில் தட்டட்டும் என்று நாளைக் கடத்துகிறாயே, போதும்! சம்பளம் இல்லாமல், பெயர் இல்லாமல், யாரும் கேட்காமலேயே ஒரு வேலையை எடுத்துச் செய்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

1970களில் லெட் செப்பெலின் என்ற ஆங்கிலேய ராக் குழு மேடையேறினால் அரங்கமே கிடுகிடுக்கும். ஆனால் அந்தக் கச்சேரிகளில் பெரும்பாலானவற்றை யாரும் முறையாகப் படமெடுக்கவில்லை. குழுவின் மேலாளர் பீட்டர் கிராண்ட், திருட்டுப் பதிவு என்று சந்தேகம் வந்தாலே கருவியை நொறுக்கிவிடுவார் என்று பேரெடுத்தவர். அப்படியும் கோட்டுக்குள் சூப்பர் 8 கேமராவை மறைத்துக்கொண்டு உள்ளே போனார்கள் சில ரசிகர்கள். ஒரு சுருள் 50 அடி. நொடிக்கு 18 படம் வீதம் ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடியில் தீர்ந்துவிடும். கச்சேரியோ சில இரவுகளில் மூன்று மணி நேரம்! பத்து நொடி இந்தப் பாட்டு, ஐந்து நொடி அந்தப் பாட்டு என்று கிள்ளிக் கிள்ளி எடுத்தார்கள். முன்னால் நிற்பவனின் தலை பாதி மேடையை மறைத்தது. கை நடுங்கியது. பெரும்பாலான சுருள்களில் ஒலியே கிடையாது.

இதை வைத்துக்கொண்டு என்ன கிழிக்க முடியும் என்றுதானே கேட்பாய்? பல ஆண்டுகள் கழித்து அந்தச் சுருள்களைக் கையில் எடுத்த ரசிகர்கள் அப்படிக் கேட்கவில்லை. வேலையில் இறங்கினார்கள்.

ஊமைப் படத்தில் ஓடுவது எந்தப் பாட்டு? குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் தோளில் இரட்டைக் கழுத்து கிட்டார் தொங்கினால் தேடல் நாலைந்து பாட்டுக்குள் அடங்கிவிடும். வயலின் வில்லால் கிட்டாரை இழைத்தால் பெரும்பாலும் ‘டேஸ்டு அண்ட் கன்ஃபியூஸ்டு’ பாட்டு. அடுத்தது டிரம்மர் ஜான் பான்ஹமின் கை. குச்சி தோலில் இறங்கும் அந்த ஒற்றைப் படத்தைக் கண்டுபிடித்து, அதே இரவில் வேறொரு ரசிகர் ஒளித்துப் பதிந்த கேசட்டில் உள்ள அடியோடு சேர்க்க வேண்டும். சேர்ந்தது போலத் தெரியும். நாலே நொடியில் விலகிவிடும்! பேட்டரி இறங்கினால் கேமராவின் மோட்டார் மெதுவாகும். டேப் ரெக்கார்டரும் ஒரே சீராக ஓடாது. அமெரிக்க மின்சாரத்தின் இரைச்சல் 60 ஹெர்ட்ஸ். டேப்பில் அது லேசாகக் கேட்டால், அதையே அளவுகோலாக வைத்து வேகத்தைத் திருத்துவார்கள். பிறகு மறுபடி முதலிலிருந்து. ஆட்டத்தை நிறுத்து, தூசியை அகற்று, சிவப்பேறிப்போன நிறத்தைச் சரிசெய். ஒரு நிமிடக் காட்சிக்கு 1080 படங்கள். நீ எதற்கடா பாதியில் எழுந்து போகிறாய்?

இன்றைக்கு ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டால் மங்கலான முகத்துக்குக் கண்ணும் பல்லும் முளைத்துவிடும். மெழுகு பொம்மை போல மினுங்கும் அந்த முகம் பாடகனுடையது அல்ல. கேமரா பார்க்காததை வரைந்து ஒட்டுவதை நான் மீட்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். உன் வேலையிலும் அந்தப் பூச்சு வேண்டாம். மங்கலாக இருக்கட்டும், உன்னுடையதாக இருக்கட்டும்!

ஒளித்துப் பதிந்த கேசட் என்றேனே, அப்படிப் பதிந்தவர்களில் ஒருவர் லாஸ் ஏஞ்சலஸ் ரசிகர் மைக் மில்லார்ட். நன்றாக நடக்கக்கூடியவர். ஆனால் சில கச்சேரிகளுக்குச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, அதற்குள் நாகமிச்சி டேப் ரெக்கார்டரை மறைத்து, நண்பர்கள் தள்ளிக்கொண்டுபோக அரங்குக்குள் நுழைவார். 1975 ஏப்ரல் 26 அன்று பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் குழுவின் கச்சேரியையும் ஒளித்துத்தான் பதிந்தார். 1994இல் அவர் இறந்துபோனார். 2025இல் அந்தக் குழுவின் ‘விஷ் யூ வேர் ஹியர்’ இசைத்தட்டின் 50ஆம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது, அந்த ஒளிவு மறைவுப் பதிவைச் செப்பனிட்டு அதிகாரபூர்வமாகவே சேர்த்துக்கொண்டார்கள். திருட்டுத்தனம் என்று விரட்டப்பட்ட வேலை, 50 ஆண்டுக்குப் பிறகு வீட்டின் நடுக்கூடத்தில் உட்கார்ந்தது! அன்று அரங்கில் பதிவு செய்ய அவரிடம் அனுமதியா இருந்தது? காது இருந்தது. துணிச்சல் இருந்தது.

யாராவது உதவினால் தொடங்குவேன் என்கிறாயா? 2009 ஆகஸ்ட் 23, பிராக் நகரம். ஏறத்தாழ 50 ரசிகர்கள் பேசிவைத்துக்கொண்டு, ஆளுக்கொரு சின்னக் கேமராவோடு ரேடியோஹெட் என்ற ராக் குழுவின் கச்சேரியில் பல மூலைகளில் நின்று எடுத்தார்கள். எடுத்ததை ஒட்டி ஒட்டி முழுக் கச்சேரியாக்கும் வேலையில் உட்கார்ந்தார்கள். சேதி குழுவின் காதுக்குப் போனது. அசல் ஒலிப்பதிவையே அவர்களிடம் எடுத்துக் கொடுத்தது குழு. 2010இல் படம் இலவசமாக வெளிவந்தது. கேமராவைத் தூக்கியது முதலில், ஒலிப்பதிவு கைக்கு வந்தது பிறகு. வரிசையைப் பார்த்துக்கொள், நண்பா!

பாதி எழுதிய நாவலா, ஓடாமல் நிற்கும் இயந்திரத்தின் வரைபடமா, மூன்றே மாணவர்கள் வரும் வகுப்பா, உன் பெட்டியில் கிடப்பது எதுவானாலும் இன்றிரவே வெளியே எடு. எடுத்து, முதல் படத்தைத் துடை!