காணாத வண்டிக்கு அச்சாரமா?



லூக்கா 14-ம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன பெரிய விருந்தின் உவமை நம் எல்லோருக்கும் தெரியும். விருந்துக்கு வராமல் சாக்குச் சொன்ன மூன்று பேரில் முதல் இரண்டு பேரைக் கவனித்திருக்கிறீர்களா? ஒருவன் நிலம் வாங்கிவிட்டான். இனிமேல்தான் போய்ப் பார்க்கணுமாம்! இன்னொருவன் ஐந்து ஏர் மாடு வாங்கிவிட்டான். அது உழுமா உழாதா என்று இனிமேல்தான் சோதிக்கணுமாம்! முதலில் பணம், அப்புறம் பார்வை. அந்தக் கவலையிலேயே விருந்தையும் இழந்து போனார்கள்.

அன்றைக்கு மாடு. இன்றைக்கு மாருதி வேன்!

போன மாதம் உபவாச ஜெபம் முடிந்து நம் நெட்டுக்குப்பத்து சகோதரர் ஒருவர் என்னிடம் வந்தார். காசிமேட்டிலிருந்து மீன் கூடை ஏற்ற ஒரு வண்டி வேணும் என்று அவர் வீட்டில் வெகு நாள் ஜெபம்.

“பாஸ்டர், ஒரு பழைய ஆம்னி வேன் சல்லிசா வருது. ராத்திரிக்குள்ள 15,000 அட்வான்ஸ் போடணும். கை வெச்சு ஜெபம் பண்ணுங்க.”

“வண்டியப் பாத்தியா தம்பி?”

“செல்போன்ல போட்டோ பாத்தேன் பாஸ்டர். விக்கிறவரு மிலிட்டரிக்காரராம். டிரான்ஸ்பர் ஆயிட்டாராம். வண்டி ஏர்போர்ட் பார்க்கிங்ல நிக்குதாம். ஐடி கார்டு, ஆதாரு எல்லாம் அனுப்பிட்டாரு. காலையிலயே புக்கிங்குக்கு 5,000 போட்டுட்டேன். மீதியும் விசுவாசத்துல போட்டுடலாம்னு...”

“சரி, பார்க்கிங் எங்கேன்னு கேளு. நாம ரெண்டு பேரும் இப்பவே போய்ப் பாத்துட்டு வருவோம்” என்றேன். கேட்டார். கேட் பாஸுக்கு முதலில் பணம் கட்டணும் என்று பதில் வந்தது. “நேரில் பார்க்காமல் இனி ஒரு பைசா கிடையாது” என்று இவர் உறுதியாய்ச் சொன்னதும் அந்த நம்பர் அணைந்துவிட்டது. 15,000 தப்பியது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆனால் அந்த 5,000 திரும்பி வரவில்லை. அது அவர் மனைவி மீன் விற்று, சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

பிரியமானவர்களே, 15,000 என்றால் நமக்கு என்ன? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. வலையும் படகும் கருப்பாகிப்போச்சு. அப்போது பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த நிவாரணம் 12,500 ரூபாய். அதைவிடப் பெரிய தொகையை முகம் தெரியாத ஒருவன் ஒரே ராத்திரியில் கேட்கிறான்!

அந்தச் சகோதரர் சொன்ன ஒரு வார்த்தைதான் என் இருதயத்தைக் குத்தியது. “விசுவாசத்துல போட்டுடலாம்.” தேவ ஜனமே, இதுவா விசுவாசம்? காணாமல் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள் என்று ஆண்டவர் தோமாவிடம் சொன்னது உயிர்த்தெழுந்த தம்மைக் குறித்து. வேனைக் குறித்து அல்ல! காசிமேட்டு ஏலத்தில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குவோமா? 200 ரூபாய் மீனுக்குத் திறக்கிற கண்ணை 2 லட்ச ரூபாய் வண்டிக்கு ஏன் மூடுகிறோம்?

மூன்று காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, விற்கிறவன் காட்டுவதைப் பார்ப்பது பார்ப்பதல்ல. யோசுவா 9-ம் அதிகாரத்தை வாசியுங்கள். கிபியோன் மனுஷர் பூசணம் பிடித்த அப்பத்தையும், கிழிந்து தைத்த துருத்தியையும் காட்டி, தூர தேசத்திலிருந்து வருகிறோம் என்றார்கள். இஸ்ரவேலின் பிரபுக்கள் அதைப் பார்த்தார்கள், கர்த்தரிடத்தில் கேட்கவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் அவர்கள் பக்கத்து ஊர்க்காரர் என்று தெரிந்தது! இன்றைக்கு ராணுவ அடையாள அட்டைதான் அந்தப் பூசண அப்பம். அந்த அட்டைகூட ஏற்கெனவே ஏமாந்த வேறொருவருடையதாக இருக்கலாம். ராஜஸ்தானில் பரத்பூர், ஹரியானாவில் மேவாத் பக்கம் உட்கார்ந்துகொண்டு இப்படியே தேசமெங்கும் ஏமாற்றிய கும்பல்களைப் போலீஸார் பிடித்திருக்கிறார்கள். “இன்னொருத்தர் ரெடியா இருக்கார், சீக்கிரம் போடுங்க” என்று துரத்துகிறவனிடம் ஜாக்கிரதை! இன்னொன்றும் மனதில் வையுங்கள். உங்கள் போனில் பின் நம்பர் போடுவது பணம் அனுப்பத்தான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பரும் வேண்டாம், கட்டத்தை ஸ்கேன் பண்ணவும் வேண்டாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறோமோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வழி உண்டு.

இரண்டாவது, விற்கிறவர் நல்லவரானாலும் வண்டியைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 வெள்ளத்திலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. மூழ்கின வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டு விற்கிறவர்களும் உண்டு. போட்டோவில் அது தெரியாது. போட்டோவுக்கு வாடை கிடையாதே! நேரில் போய் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்து, சேற்றுக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் துரு இருக்கிறதா பாருங்கள். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். இஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா? ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதமும் பாரம் 35-ம் கேளுங்கள். 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தின்படியும், பழைய பொருளைத் தரம் பார்த்து வாங்குவது பொதுவாக வாங்குகிறவன் பொறுப்புதான்.

மூன்றாவது, பார்த்த பிறகு கொடுக்கிற அட்வான்ஸுக்கும் சீட்டு வேணும். “எரேமியா விசுவாசத்தில் நிலம் வாங்கவில்லையா?” என்று சிலர் கேட்பீர்கள். வாங்கினார்தான்! பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருந்த காலத்தில் வாங்கினார். ஆனால் எரேமியா 32-ஐ நிதானமாய் வாசியுங்கள். முதலில் கர்த்தருடைய வார்த்தை வந்தது. நிலமோ சொந்த ஊராகிய ஆனதோத்தில் இருந்தது. விற்றவன் தகப்பனுடைய சகோதரனின் மகன். அப்படியிருந்தும் 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்தி, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளை வைத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தினார். தீர்க்கதரிசியே எழுதி வாங்கினாரே! நீங்களும் வண்டி நம்பர், முழு விலை, கொடுத்த அட்வான்ஸ், என்றைக்குள் மீதி, எந்தக் காரணத்துக்கு அட்வான்ஸ் திரும்பும் என்று எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வாங்குங்கள். எழுதாவிட்டால், மனசு மாறினால் அட்வான்ஸ் போச்சு என்பதே பேச்சாகிவிடும்.

நம் சபையில் வண்டி விற்கிறவர்களும் உண்டு. உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே வண்டிக்கு இரண்டு பேரிடம் அட்வான்ஸ் வாங்காதேயுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் வாய் திறந்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்நிய பாஷை பேசுகிற நாக்கு, திங்கட்கிழமை பொய்க் கிலோமீட்டர் சொல்லலாமா?

கடைசியாக ஒன்று. அச்சாரம் என்ற வார்த்தை வேதத்திலேயே இருக்கிறது! எபேசியர் முதல் அதிகாரத்தில் பவுல், பரிசுத்த ஆவியானவரையே நம் சுதந்தரத்தின் அச்சாரம் என்கிறார். யார் யாருக்குக் கொடுத்த அச்சாரம்? தேவன் நமக்குக் கொடுத்தது! வஞ்சகன் ஒன்றும் காட்டாமல் நம்மிடம் முதலில் வாங்குகிறான். நம் தகப்பனோ தம்முடைய ஒரே குமாரனை முதலில் கொடுத்தார். ஆவியானவரை நம் இருதயத்தில் ருசிபார்க்கக் கொடுத்தார். அதற்கப்புறமே “என்னை நம்பு” என்கிறார். முன்பணம் கட்டினவர் அவர். வாக்குமாறாதவர் அவர். நாம் இன்னும் பரலோகத்தைக் காணவில்லை. ஆனால் அச்சாரம் நம் கையில் இருக்கிறது. அல்லேலூயா!

ஆகையால் பிரியமானவர்களே, காணாமல் நம்புவதற்கு ஒருவர் உண்டு; அவரை முழு இருதயத்தோடு நம்புங்கள். மற்றதையெல்லாம் அவர் கொடுத்த கண்ணால் பார்த்து வாங்குங்கள். வண்டிக்காகக் காத்திருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் கர்த்தர் ஏற்ற காலத்தில், நேர்மையான கையிலிருந்து, நல்ல வண்டியைக் கொடுத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.