எம்மாவுக்கு எத்தனை தூரம்?

(வில்லியனூர் புனித லூர்தன்னை திருத்தலப் பெருவிழாவில், நவநாள் மாலை ஒன்றில் நிகழ்த்திய மறையுரையின் எழுத்து வடிவம்)



திருப்பலிக்கு முன்னால் குளத்தைச் சுற்றி நடந்து வந்தேன். படிக்கட்டில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அப்பாவின் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா செருப்பில்லாத கால்களைத் தண்ணீரில் வைத்து ஆற்றிக்கொண்டிருந்தார்கள். "எங்கேயிருந்தும்மா வர்றீங்க?" என்று கேட்டேன். "பாண்டியிலேர்ந்து நடந்தே வந்தோம் சாமி. பேசிக்கிட்டே வந்ததுல தூரமே தெரியலை" என்றார்கள்.

அந்த அம்மா போகிறபோக்கில் சொன்ன அந்த வார்த்தையைத்தான் இன்றைய மறையுரைக்கு எடுத்துக்கொள்கிறேன். பேசிக்கொண்டே வந்தார்கள், தூரம் தெரியவில்லை.

லூக்கா நற்செய்தி 24-ஆம் அதிகாரத்திலும் இரண்டு பேர் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். எருசலேமிலிருந்து எம்மாவு என்ற ஊருக்குப் போகிறார்கள். அறுபது ஸ்தாதியம் தூரம் என்று எழுதியிருக்கிறது. நம் கணக்கில் சுமார் 11 கிலோமீட்டர். புதுச்சேரியிலிருந்து நம் மாதா கோயிலுக்கு வருகிற தூரமும் ஏறத்தாழ அதுதான். உயிர்ப்பு ஞாயிறு முடிந்த கையோடு வருகிற நம் திருவிழாவுக்கு நீங்கள் நடந்து வருகிற ஒவ்வொரு முறையும் ஓர் எம்மாவுப் பயணம் நடக்கிறது.

அந்த இருவரும் செபம் சொல்லிக்கொண்டு போகவில்லை. நம்பிக்கை உடைந்துபோய், ஊரில் நடந்த துக்கத்தைப் பேசிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். ஆண்டவர் வந்து கூட நடக்கிறார். அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. "என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள்?" என்ற பொருளில்தான் பேச்சைத் தொடங்குகிறார். உயிர்த்த ஆண்டவர் கேட்ட கேள்வி, நம் ஊர் டீக்கடை வாசலில் யாரும் யாரையும் கேட்கிற கேள்வி. உங்கள் கவலையை, கடனை, பிள்ளையின் பரீட்சையைக் கோயில் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லி அவர் கேட்கவில்லை. அதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பக்கத்தில் வந்து நடக்கத் தொடங்கிவிடுகிறார்.

நாம் யார் பெயரால் இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த லூர்தன்னை காட்சி கொடுத்த கதையையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 1858-ஆம் ஆண்டு பிப்ரவரி 11. பிரான்சின் லூர்து நகரில் பெர்னதெத் என்ற 14 வயதுப் பெண், தங்கையோடும் தோழியோடும் விறகு பொறுக்கப் போனாள். அப்பா மாவு மில்லை இழந்தவர். முன்பு சிறைச்சாலையாக இருந்த ஒரே ஓர் அறையில் குடும்பமே முடங்கிக் கிடந்தது. பெர்னதெத்துக்கு ஆஸ்துமா வேறு. அடுப்பெரிக்க விறகில்லை என்பதால்தான் அவள் கெபி என்கிற பாறைக் குகைப் பக்கம் போனாள். அன்னை அங்கேதான் தோன்றினார்.

பிப்ரவரி 25 அன்று, ஊற்றில் போய்க் குடிக்கச் சொன்னார் அன்னை. பெர்னதெத் பக்கத்தில் ஓடிய ஆற்றை நோக்கி நடந்தாள். அங்கே இல்லை, இங்கே என்று கெபிக்குள் தரையைக் காட்டினார். அங்கே இருந்தது வெறும் சேறு. அவள் கையாலேயே கிளறினாள். கலங்கிய தண்ணீர் கொஞ்சம் கசிந்தது. மூன்று முறை அள்ளி, குடிக்க முடியாமல் கொட்டினாள். நான்காவது முறை குடித்தாள். முகமெல்லாம் சேறு. சுற்றி நின்றவர்கள், பெண்ணுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று சொன்னார்கள். அந்தச் சேற்றில் பிறந்த ஊற்று இன்றுவரை ஓடுகிறது.

அவள் எதிரே ஓர் ஆறே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் காலடியில் இருந்த சேற்றைக் கிளறச் சொன்னார் அன்னை. நாமும் ஆண்டவரைத் தேடிப் பெரிய ஆற்றங்கரைக்கு ஓடுகிறோம், திருத்தலத்துக்குத் திருத்தலம் பஸ் ஏறுகிறோம். அது நல்லதுதான், நானும் ஏறுகிறேன். ஆனால் தினமும் நீங்கள் மிதித்து நடக்கிற அடுப்படி, களத்துமேடு, நூறுநாள் வேலைக்குப் போகிற ஏரிக்கரை, கம்பெனி ஷிப்டு, மாமியாரோடு ஒரு வார்த்தை கூடிப்போன காலை நேரம், இதையெல்லாம் கிளறிப் பார்த்தீர்களா? முதலில் கலங்கலாகத்தான் வரும். இரண்டு மூன்று முறை கொட்டிவிடத்தான் தோன்றும். நான்காவது முறைக்குப் பொறுமை வேண்டும்.

பெர்னதெத் பிற்காலத்தில் நெவர் நகரத்துக் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். அங்கே தன்னை ஒரு துடைப்பத்துக்கு ஒப்பிட்டுப் பேசியதாகச் சொல்வார்கள். வேலை முடிந்ததும் துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள், அதுதான் என் இடம், அங்கே நான் மகிழ்ச்சியாகவே இருக்கிறேன் என்ற கருத்தில் சொன்னாளாம். இதைப் படித்தபோது எனக்கு நம் வீடுகள்தான் ஞாபகம் வந்தன. நம் வீட்டிலும் துடைப்பம் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. 1933-இல் திருச்சபை புனிதர் பட்டம் கொடுத்த அந்தப் பெண், தன் வாழ்க்கைக்கு உவமை தேடியபோது கையில் எடுத்தது துடைப்பத்தை.

எளிய உழைப்பில் புனிதத்தைக் காண்பது தமிழுக்குப் புதிதல்ல. வீரமாமுனிவர் தேம்பாவணியில் 3615 பாடல்களைப் பாடிப் பெருங்காப்பியம் செய்தார். மன்னர்களைப் பாடிப் பழகிய காப்பிய மரபில் அவர் தலைவனாக வைத்தது யாரை? உளி பிடித்த தச்சர் சூசையப்பரை. ஒரு தச்சுப் பட்டறையைக் காப்பியத்துக்கு உரிய இடம் என்று கண்டவர் அந்த முனிவர்.

என் அம்மாவிடம் நான் கற்ற பாடத்தைச் சொல்கிறேன். எங்கள் வீட்டு அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் மூடி உடைந்த ஒரு சின்ன மண் கலயம் இருந்தது. உலை வைக்கும்போதெல்லாம் அம்மா படியில் அரிசி அளந்து முறத்தில் கொட்டுவார். கல் பொறுக்குவார். களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவார். பிடி அரிசி. மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும், அங்கிருந்து இல்லாதவர் வீட்டுக்குப் போகும். வீட்டில் அரிசி குறைவாக இருந்த ஒரு நாள் நான் கேட்டேன்: "இன்னிக்கு நமக்கே பத்தாதேம்மா, இன்னிக்காவது விடக்கூடாதா?" அம்மா கையை நிறுத்தவில்லை. "பத்தாத அன்னிக்குப் போட்டாத்தான்டா அது பிடி அரிசி" என்றார். இறையியல் கல்லூரியில் பல வருடம் படித்தேன். காணிக்கையைப் பற்றி அந்த ஒரு வரியைத் தாண்டி அதிகம் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடியாது.

ஆனால் ஒரு பிடி அரிசி ஒரு வீட்டுக் கலயத்திலேயே தங்கிவிட்டால் யாருக்கும் சோறாகாது. பல வீட்டுப் பிடிகள் ஒன்றாகச் சேர வேண்டும். அதற்குத்தான் திருச்சபை.

பாகூர் பக்கத்து மக்கள் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் ஏரியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வந்து பாகூர் ஏரியை நிரப்புகிறது. ஏரி தளும்பி நிற்பதைப் பார்த்தால் மனசு நிறையும். ஆனால் ஏரி நிறைந்ததால் மட்டும் பயிர் விளைந்துவிடுமா? மதகு திறக்க வேண்டும். வாய்க்காலில் தூர் வாரியிருக்க வேண்டும். தலைமடைக்காரர் தன் வயல் நனைந்ததும் மடையை அடைத்துவிட்டுத் தண்ணீரைக் கீழே விட வேண்டும். கடைமடை வயலில் பயிர் நிமிர்ந்து நின்றால்தான் அந்த வருடம் ஏரி நிறைந்ததற்கு அர்த்தம்.

இந்தத் திருத்தலம் ஓர் ஏரி. 1877-ஆம் ஆண்டு பிரான்சிலிருந்து அன்னையின் சொரூபம் இங்கே வந்தது. தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டிய காலம் அது. பட்டினி கிடந்த மண்ணுக்குத் தாயாக வந்தவர் அவர். அன்றுமுதல் இந்த ஏரியில் அருளுக்குக் குறைவில்லை. கிறிஸ்தவர் மட்டுமா வருகிறீர்கள்? இதே ஊர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரை இழுத்த கைகளே இங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவதையும் பார்க்கிறேன். ஏரி நிறைந்துதான் இருக்கிறது. வாய்க்கால் எப்படி இருக்கிறது?

நம் வாய்க்கால்தான் அன்பியம். இருபது, முப்பது குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடுகிறோம். பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்குகிறோம். டி.வி.யை அணைக்கிறோம். செபமாலை சொல்லி, நற்செய்தி வாசித்து, சுண்டல் சாப்பிடுகிறோம். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். திருச்சபையின் முதல் நூற்றாண்டுகளில் கோபுரமும் இல்லை, மணியும் இல்லை. வீடுகளில்தான் கூடினார்கள். கூடாரம் தைத்துப் பிழைத்த அக்கில்லா, பிரிஸ்கா தம்பதியின் வீட்டில் கூடிய சபைக்குப் பவுலடியார் தம் திருமுகத்தில் வாழ்த்துச் சொல்கிறார். ஊசியும் நூலும் கிடந்த வீடு, ஞாயிறன்று கோயிலாக இருந்தது.

இனி நான் சொல்லப்போவது வலிக்கும். ஆனாலும் உங்கள் மேல் உள்ள அன்பினால் சொல்கிறேன். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டு நடந்த ஒரு செய்தி இருக்கிறது. புதுச்சேரி சம்பா கோவிலுக்குள், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. ஒதுக்கப்பட்ட மக்கள் குருக்களிடம் போய் நியாயம் கேட்டார்கள். சுவர் எடுக்கப்பட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் கொதித்துப்போய்ச் சண்டைக்கு வந்தார்கள். ஒரே பலிபீடம், ஒரே அப்பம், நடுவில் ஒரு சுவர்!

இன்று நம் கோயில்களில் அந்தச் சுவர் இல்லை. ஆண்டவருக்கு நன்றி. ஆனால் அன்பியக் கூட்டம் இந்தத் தெருவில் நடந்தால் வருகிறவர்கள், காலனி வீட்டில் நடந்தால் ஏன் வரவில்லை? வந்தாலும், செபம் முடிந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏன் அவசரமாகக் கிளம்புகிறார்கள்? தலைமடையில் அடைத்துக்கொண்டு, கடைமடையில் ஏன் பயிர் வாடுகிறது என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. வாய்க்காலில் தூர் எங்கே அடைத்திருக்கிறது என்பது நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். இறங்கி வாருவதற்குத்தான் ஆள் வேண்டும்.

மறுபடியும் எம்மாவுக்கு வருகிறேன். வழியெல்லாம் மறைநூலை விளக்கினாரே ஆண்டவர், அப்போது அவர்கள் அவரை அடையாளம் கண்டார்களா? இல்லை. உள்ளம் சூடேறியது, அவ்வளவுதான். பொழுது சாய்ந்தது. முன்பின் தெரியாத அந்த மனிதரை, இருட்டிவிட்டது, எங்களோடு தங்குங்கள் என்று வற்புறுத்தி வீட்டுக்குள் அழைத்தார்கள். பந்தியில் உட்கார்ந்து அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் கண் திறந்தது. அவர்கள் மட்டும் அந்த அந்நியரை வாசலோடு அனுப்பிவைத்திருந்தால்? உயிர்த்த ஆண்டவரோடு 11 கிலோமீட்டர் நடந்தும், அவர் யாரென்று தெரியாமலேயே படுத்துத் தூங்கியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. அந்த நேரமே எழுந்து, வந்த பாதையில் திரும்ப எருசலேமுக்கு நடந்தார்கள். கால் வலி, இருட்டு, வழிப்பயம் எதையும் பார்க்கவில்லை. அங்கே மற்றச் சீடர்கள் கூடியிருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டில் ஆண்டவரைக் கண்டவர்களால் வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை. "எனக்குச் சாமி என் வீட்டிலேயே இருக்கார், கோயில் எதுக்கு?" என்று கேட்கிறவர்களுக்கும், "ஞாயிற்றுக்கிழமை பூசை பார்த்தாச்சு, அது போதும்" என்று சொல்கிறவர்களுக்கும் அந்த இரவு நடையில் பதில் இருக்கிறது. வீட்டிலிருந்து சபைக்கும் சபையிலிருந்து வீட்டுக்கும் போவது ஒரே பாதை. அதில் இரண்டு பக்கமும் நடக்கிறவர்தான் கிறிஸ்தவர்.

ஆகவே இந்த நவநாளுக்கு உங்களிடம் ஒரே ஒரு வேண்டுதலை வைக்கிறேன். தேர்ப்பவனிக்குள் உங்கள் அன்பியத்தில் நீங்கள் இதுவரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத ஒரு வீட்டுக்குப் போங்கள். பத்திரிகை கொடுக்கப் போகிற மாதிரி வாசலில் நிற்காதீர்கள். உள்ளே போய் உட்காருங்கள். என்ன பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். சோறு போட்டால் சாப்பிடுங்கள். போகும்போது உங்கள் வீட்டுப் பிடி அரிசியையும் எடுத்துப் போங்கள். அங்கே உங்கள் கண் திறக்கும் என்று நான் நம்புகிறேன். எம்மாவில் அப்படித்தான் நடந்தது.

குளக்கரையில் பார்த்த அந்தக் குடும்பம் இந்தக் கூட்டத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குழந்தை எழுந்திருக்கும். இனி அவர்கள் வீடு திரும்ப வேண்டும், நீங்களும் திரும்ப வேண்டும். வாருங்கள், எழுந்து நின்று செபிப்போம்.

எங்களோடு நடக்கும் ஆண்டவரே, பொழுது சாய்ந்துவிட்டது, எங்கள் வீடுகளுக்கு வாரும். எங்கள் அடுப்படியிலும் வயலிலும் வேலைத்தலத்திலும் உம்மைக் கண்டுகொள்ளும் பொறுமையைத் தாரும். நாங்கள் அடைத்துவைத்த மடைகளைத் திறக்கும் துணிவைத் தாரும். சேற்றில் ஊற்றைக் காட்டிய லூர்தன்னையே, எங்கள் கையைப் பிடித்துக் கடைமடை வரை நடத்திச் செல்லும். ஆமென்.